எந்தக் குட்டியை விடுவது

அருளம்பலத்தாருக்கு வந்தது சின்ன அடிதான் என்று டொக்டர் சொன்னார். பாரிசவாதத்திலும் சின்னது பெரியது உண்டு என்பது அவருடைய மனைவி குணலட்சுமிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காலையில் புட்டும் சம்பலும் குழைத்துக்கொண்டிருந்த மனிதர் "உப்பு" என்று சொல்ல வாயெடுத்தார். அந்தச் சொல் நாக்கில் புரண்டு, கடைவாயால் வழிந்துபோனது. வலது கை சாப்பாட்டுக்குள்ளேயே கிடந்தது. அடுத்த வளவுக் கேதீஸ்வரன் ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தபடியால் நேரத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்க்க முடிந்தது. பின்னேரம் வாய் நேராகிவிட்டது. அடுத்த நாள் கையும் எழும்பிவிட்டது. கிழமை முடிவதற்குள் மனிதர் வார்டு முழுக்க நடந்து திரிந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு வாழைக்கு எப்போது பசளை போடுவது என்று வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு விடமுதல் அங்கே ஒரு சோதனை வைத்தார்கள். சட்டை போடச் சொன்னார்கள், போட்டுப் பொத்தானும் பூட்டினார். படியேறி இறங்கினார். தன் கையால் சாப்பிட்டார். தனியே மலசலகூடம் போய் வந்தார். எல்லாவற்றுக்கும் முழு மார்க். கடைசியில் தாதி குணலட்சுமியைப் பார்த்து, "வீட்டிலை தன்ரை வேலையளைத் தானே செய்யிறவரோ அம்மா?" என்று கேட்டாள்.

"ஓம், எல்லாம் செய்வார்" என்றாள் குணலட்சுமி.

அது பொய் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. புருசனைப் பற்றிப் பிறத்தியார் கேட்டால் ஓம் என்றுதான் சொல்லவேண்டும். அவள் வளர்ந்த வீட்டில் அப்படித்தான், வாழவந்த வீட்டிலும் அப்படித்தான். மகள் உதயகலா கோண்டாவிலில் இருந்து லட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். குணலட்சுமி பிள்ளையாருக்கு மோதகம் அவித்துப் படைத்தாள். தப்பிவிட்டார், கண்டம் கழிந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் வந்து வந்து சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். சட்டைப் பொத்தான் பூட்டத் தெரிந்தவனெல்லாம் தோட்டம் செய்வான் என்றால் யாழ்ப்பாணத்தில் கமக்காரருக்குப் பஞ்சமே வந்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் அதை யார் யோசித்தார்கள்?

எங்கள் பக்கத்து வீடுகளில் ஓர் ஆண் எதைச் செய்வான், எதைச் செய்யமாட்டான் என்று கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அவன் கிணற்றடிக்குப் போகமுதலே துவாயும் சாரமும் கொடிக்கு வந்துவிடும். குளிசை உள்ளங்கைக்கு வந்துவிடும், பின்னால் செம்பில் தண்ணீர் வந்துவிடும். மீனில் முள் இருக்காது. வெளியே வெளிக்கிட்டால் செருப்பு இரண்டும் கால் போகிற திசையைப் பார்த்தபடி வாசலில் இருக்கும். பெண்சாதி என்று ஒருத்தி பக்கத்தில் நிற்கும்வரை அவனுக்கு மூளையில் பாதி போனாலும் ஊருக்குத் தெரியவராது. குணலட்சுமி முன்பும் அப்படித்தான் பார்த்தாள். ஆஸ்பத்திரியால் வந்தபிறகு இன்னும் கூடுதலாகப் பார்த்தாள். ஒருநாள் அவர் செருப்பை இடம் வலம் மாறிப் போட்டுக்கொண்டு நின்றார். அவள் குனிந்து கழற்றி மாற்றிப் போட்டுவிட்டாள். அவரும் பேப்பர் பார்த்தபடி காலைத் தூக்கிக் கொடுத்தார். இருவரும் அதை ஒரு விசயமாக எடுக்கவில்லை.

முதலில் பிடிபட்டது இறைப்பில்தான்.

அவர்களுடைய வாழைத்தோட்டம் வீட்டு ஒழுங்கைப் பாதை முடிகிற இடத்தில் இருந்தது. நல்ல செம்மண். உள்ளே இதரை வாழை, வேலிக்கரை முழுக்கக் கதலி, நடுவில் கட்டுக்கிணறு. இறைக்கிற மெசினைப் போட்டால் தண்ணீர் வாய்க்காலால் ஓடும். ஒரு பாத்தி நிரம்பியதும் மண்ணைப் போட்டு அதன் வாயை அடைத்து, அடுத்த பாத்தியைத் திறந்துவிட வேண்டும். சின்ன வயதிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை அது. அன்றைக்குக் குணலட்சுமி தேநீர்ப் போத்தலோடு போனபோது, ஒரு பாத்தியில் தண்ணீர் முட்டி வழிந்து ஒழுங்கைவரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. மற்றப் பாத்திகளெல்லாம் காய்ந்துபோய்க் கிடந்தன. அருளம்பலத்தார் மண்வெட்டியைப் பிடித்தபடி கரையில் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நித்திரையும் இல்லை, மயக்கமும் இல்லை. இனி என்ன செய்யவேண்டும் என்று யாராவது சொல்லுவார்கள் என்று காத்து நிற்கிற ஒரு நிலை.

"இஞ்சேருங்கோ, தண்ணி நிரம்பீட்டுது" என்றாள்.

"ஓம், நிரம்பீட்டுது" என்றார் அவர். அதற்குப் பிறகுதான் மண்வெட்டி அசைந்தது.

 அவள் இதை யாருக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இறைப்பு நாட்களில் புல்லுப் பிடுங்கிற சாட்டில் தானும் தோட்டத்துக்குப் போனாள். பாத்தி நிரம்புகிற நேரம் பார்த்து, "அடுத்ததுக்கு விடலாம் போல" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் ஒரு சொல் விடுவாள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவர் வேலை செய்வார்.

இறைப்பை அப்படிச் சமாளித்துவிட்டாள். குட்டி விடயம்தான் அவளை உலுக்கியது.

வாழை ஒருமுறைதான் குலை போடும். குலையை வெட்டியபின் அதன் அடியில் நிற்கிற குட்டிதான் அடுத்த மரம். அடியைச் சுற்றி நாலைந்து முளைக்கும். அதில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அலவாங்குக் கம்பியால் நெம்பிக் கிழங்கோடு கிளப்பி எடுக்கவேண்டும். எதை விடுவது என்பதில்தான் முழுத் தோட்டமும் இருக்கிறது. ஒடுங்கிய இலையோடு நிமிர்ந்து நிற்கிற குட்டிக்குக் கீழே நல்ல கிழங்கு இருக்கும். அகன்ற இலை விரித்து நிற்பது பார்வைக்குத்தான் வடிவு, அடியில் ஒன்றும் இருக்காது. நல்லதைக் கிளப்பி எறிந்துவிட்டு மற்றதை விட்டால், செய்த அன்றைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தோட்டம் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். அடுத்த வருசம் சூம்பிப்போன குலைகள் தள்ளும்போதுதான் தலையில் கைவைக்க வேண்டிவரும்.

அருளம்பலத்தாருக்கு அந்த ஊரில் மரியாதை இருந்ததென்றால் அது இந்தக் கண்ணுக்காகத்தான். சண்டையில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் கிடந்துவிட்டுத் திரும்பிவந்தபோது தோட்டம் பற்றையாகக் கிடந்தது. கிணற்றடியில் மட்டும் சில மரங்கள் உயிரோடு நின்றன. அவற்றின் அடியில் குந்தியிருந்து, ஒவ்வொரு குட்டியாகப் பெருவிரலால் அமர்த்திப் பார்த்துத் தெரிந்தெடுத்து, அதிலிருந்துதான் முழுத்தோட்டத்தையும் திரும்ப உண்டாக்கினார். குணலட்சுமி அவரோடு நின்று குழி வெட்டினாள், தண்ணீர் அள்ளினாள், குலைக்கு முட்டுக் கொடுத்தாள். அச்சுவேலியில் வெங்காயத்துக்குள் வளர்ந்த பெண், பார்த்துப் பார்த்தே வாழை முழுவதையும் படித்துவிட்டாள். ஆனால் ஊருக்கு அது அருளம்பலத்தாற்றை தோட்டம். "மற்றதெல்லாம் நீ செய், குட்டி மட்டும் நான் பாக்கிறன்" என்பார் அவர். அவளும் அதைச் சரியென்றே இருந்தாள்.

ஒருநாள் அவர் ஒரு வரிசை முழுவதிலும் குட்டி கிளப்பி முடித்துவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி கிணற்றுக்கட்டில் இருந்தார். முகத்தில் வேலை முடித்த திருப்தி.

"முடிச்சிட்டன்" என்றார்.

குணலட்சுமி வரிசையால் நடந்து பார்த்தாள்.  ஒடுங்கிய குட்டிகளெல்லாம் வெளியே குவியலாகக் கிடந்தன. அகன்றவை அடியில் நின்றன. சில மரங்களில் ஒரு குட்டியும் இல்லை, துடைத்து வைத்திருந்தது. கூலிக்கு வந்த எவனாவது இப்படிச் செய்திருந்தால் அருளம்பலத்தார் அவனைப் படலைக்கு வெளியே கலைத்திருப்பார்.

"என்ன பாக்கிறாய்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லை. வெய்யில் ஏறுது, வாங்கோ" என்றாள்.

மத்தியானம் சாப்பிட்டதும் அவரைப் படுக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். அவர் கண்ணயர்ந்ததும் குணலட்சுமி மண்வெட்டியோடு தோட்டத்துக்குப் போனாள். குவியலில் கிடந்த நல்ல குட்டிகளை எடுத்து, அகன்றவற்றைக் கிளப்பி, அந்தந்த இடத்தில் திரும்ப வைத்தாள். காலால் மிதித்து மண்ணை இறுக்கினாள். தண்ணீர் ஊற்றினாள். முதுகு விண் விண்ணென்று வலித்தது. இத்தனை வருசம் அவர் பார்த்த குட்டியை இன்றைக்கு நான் பார்க்கிறேன் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை நினைத்ததும் வெட்கமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் காலையில் கிளப்புவார், அவள் மத்தியானத்தில் வைப்பாள்.

எவ்வளவு காலம் இப்படி ஓட்டலாம் என்று அவள் யோசிக்கவில்லை. அருளம்பலத்தாரிடமிருந்து தோட்டத்தை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று மட்டும்தான் யோசித்தாள். கோயில் திருவிழாவுக்குப் போனாலும் வாழைக்கதை, செத்தவீட்டுக்குப் போனாலும் வாழைக்கதை. அந்த மனிதரை ஒரு கதிரையில் இருத்திவிட்டால் நாலு மாதத்தில் அவருடைய செத்தவீட்டுக்கு மற்றவர்கள் வரவேண்டியிருக்கும்.

ஆனால் தோட்டத்துக்கு வேலி இருந்தாலும் ஊருக்கு வேலி இல்லை. பக்கத்துத் தோட்டக்காரன் றஜிந்தன் ஒருநாள் மெசின் வெறுமையாக இரைந்துகொண்டிருக்கக் கண்டு ஓடிவந்தான். அருளம்பலத்தார் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் ஏன் தண்ணீர் எடுக்கவில்லை என்று பார்த்ததாகச் சொன்னார். கையைப் பிடித்து இறக்கிவிட்டு, அவர்களுடைய மருமகன் கஜீபனுக்கு றஜிந்தன் ரெலிபோன் எடுத்துவிட்டான். அது கோள் இல்லை. அவனுக்கும் அந்த மனிதரில் விருப்பம்தான்.

கஜீபன் சாமான் கடை வைத்திருப்பவன். அமரிக்கையான பொடியன். ஞாயிற்றுக்கிழமை உதயகலாவோடு வந்து, மாமனாருக்கு முன்னால் இருந்து மெதுவாகத்தான் கதைத்தான்.

"மாமா, தோட்டத்தை றஜிந்தனுக்குக் குத்தகைக்குக் குடுப்பமே? நீங்கள் போய்ப் பாக்கலாம், சொல்லலாம். கிணத்தடியிலை தனிய நிக்கவேண்டாம்."

அருளம்பலத்தாரின் முகம் சிவந்தது. "எனக்கு என்ன நடந்தது? ஆஸ்பத்திரியிலை முழு மார்க் தந்தவங்கள். உன்ரை மாமியைக் கேள்."

"அப்பிடியெண்டால் அவையளையே கேப்பம்" என்றான் கஜீபன். "அங்கை ஒரு மிஸ் இருக்கிறா. வருத்தம் வந்த ஆக்கள் வீட்டிலை வழமையான வேலையளை எப்பிடிச் செய்யினம் எண்டு வந்து பாக்கிறவவாம். அவ வந்து, மாமா தனியச் செய்வார் எண்டு சொன்னால் நான் பேந்து வாய் திறக்கமாட்டன். ஏலாது எண்டு சொன்னால் குத்தகைக்குக் குடுப்பம். சரியோ?"

"சரி" என்றார் அருளம்பலத்தார். உதயகலா தாயைப் பார்த்தாள். குணலட்சுமி குசினிக்குள் போய்விட்டாள்.

மிஸ் வருகிறதற்கு முதல்நாள் குணலட்சுமி செய்யவேண்டியதையெல்லாம் செய்தாள். சட்டையை அழுத்தி வைத்தாள். இன்றைக்கு என்ன கிழமை, என்ன திகதி என்று சாப்பாட்டோடு சாப்பாடாகச் சொல்லிக் கொடுத்தாள். பின்பு தோட்டத்துக்குப் போய், படலைப் பக்கத்து முதல் வரிசையில் அகன்ற குட்டிகள் எல்லாவற்றையும் தானே கிளப்பி எறிந்தாள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு நல்ல குட்டியாக நின்றது. மிஸ் தோட்டத்தைப் பார்க்க வந்தாலும் அந்த வரிசையில் அவர் பிழைவிட இடமே இல்லை.

கஜீபன் முதலே வந்து காத்திருந்தான். மிஸ் ஆரணி ஸ்கூட்டியில் வந்தாள். நெல்லியடிப் பிள்ளை, கண்ணாடி போட்டிருந்தாள், சிரிப்பில் அவசரம் இல்லை. அருளம்பலத்தாருக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு ஊர்க்கதை கதைத்தாள். திகதி கேட்டாள், சொன்னார். பிறகு எழுந்து, "ஐயா, எனக்கொரு பிளேன்ரீ போட்டுத் தருவீங்களோ?" என்றாள்.

அவர் குசினி வாசலில் நின்று உள்ளே பார்த்தார். வெளிநாட்டுக்கு வந்து இறங்கினவரின் பார்வை அது. கேத்தில் எங்கே, தேயிலை எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை.

"வருத்தத்துக்கு முதல் போடுறவரோ?" ஆரணி கேட்டாள்.

"இவர் குசினிக்குள்ளை வந்ததேயில்லை, மிஸ்" என்றாள் குணலட்சுமி.

இது பாரிசவாதத்தால் வந்த குறையா, கலியாணத்தால் வந்த குறையா என்று எந்த மிஸ்ஸாலும் சொல்லமுடியாது. ஆரணி சிரித்துவிட்டாள். கஜீபனும் சிரித்தான். குணலட்சுமிக்கு நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது.

"அப்ப நீங்கள் நாளாந்தம் செய்யிற வேலை என்ன, ஐயா?"

"தோட்டம்."

"அப்ப அதைத்தான் நான் பாக்கவேணும்" என்றாள் ஆரணி.

நாலு பேரும் ஒழுங்கையால் நடந்தார்கள். படலையைத் திறந்து அருளம்பலத்தார் முன்னால் போனார். தோட்டத்துக்குள் காலடி வைத்ததும் நடை மாறிவிட்டது, முதுகு நிமிர்ந்துவிட்டது. ஆரணி குட்டி கிளப்பிக் காட்டும்படி கேட்டாள். அவர் முதல் வரிசையைப் பார்த்தார்.

"இதிலை வேலை முடிஞ்சுது பிள்ளை. உள்ளுக்கை வாங்கோ" என்றார்.

தான் செய்த கெட்டித்தனமே அவரை உள்ளே அனுப்புகிறது என்று குணலட்சுமிக்கு அப்போதுதான் புரிந்தது. முன்னால் ஓடிப்போய் மறிக்கவா முடியும்? கிணற்றைத் தாண்டி, குலை வெட்டிய ஒரு மரத்தடியில் அவர் நின்றார். அடியில் குட்டிகள் சுற்றிவர நின்றன. குந்தினார். பழைய வழக்கப்படி பெருவிரலால் ஒன்றின் அடியை அமர்த்திப் பார்த்தார். ஒடுங்கிய இலை, இறுகிய அடி, அப்படியே விட்டிருக்க வேண்டிய குட்டி. கை அதில் நின்றுவிட்டது.  அதுதான், அதை விடுங்கோ என்று குணலட்சுமியின் மனம் கத்தியது.

அருளம்பலத்தார் அலவாங்கை எடுத்தார். அதே குட்டியின் அடியில் சரியாக இறக்கி, ஒரு நெம்பில் கிழங்கு காயப்படாமல் கிளப்பி எடுத்தார். பிறகு மற்றவற்றையும் அப்படியே. கடைசியில் அகன்ற இலைக் குட்டி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டு நின்றது. கையில் நடுக்கம் இல்லை, காலில் தள்ளாட்டம் இல்லை.

"பாருங்கோ மிஸ், என்ரை வயசிலையே எனக்கு உப்பிடி ஏலாது" என்றான் கஜீபன். அவன் உண்மையாகவே சந்தோசப்பட்டான். மாமனாரின் தோட்டத்தைப் பறிக்க அவனுக்கு ஆசை இல்லை.

ஆரணி அகன்ற குட்டியையும் வெளியே கிடந்தவற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குணலட்சுமி பக்கம் திரும்பினாள்.

"அம்மா, ஐயா வடிவாக் கிளப்பினவர். ஆனா எனக்கு வாழை தெரியாது. உங்களுக்குத் தெரியும். சரியான குட்டியைத்தான் விட்டவரோ?"

இந்தக் கேள்விக்குப் பதில் குணலட்சுமியிடம் தயாராக இருந்தது. தாதிக்குச் சொன்ன அதே ஓம். சொந்தக்காரருக்கும் மருமகனுக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய ஓம். ஆனால் கேள்வி வேறு மாதிரி வந்துவிட்டது. உங்களுக்குத் தெரியும் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். கலியாணம் கட்டிவந்த நாளிலிருந்து வாழையைப் பற்றி ஒருவரும் அவளிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. வியாபாரிகள் வந்தால் அவரைக் கேட்பார்கள். விவசாயக் கந்தோர்க்காரர் வந்தால் அவரைக் கேட்பார்கள். அவள் தேநீர் கொண்டுவந்து வைப்பாள். அந்த ஒரு கணத்தில் அவள் தோட்டம் தெரிந்த ஒருத்தியாக நின்றாள், தெரிந்தவர்கள் சொல்கிறமாதிரிச் சொல்லிவிட்டாள்.

"இல்லை மிஸ். உந்த அகலிலை கூடாது. முதல் கிளப்பினதுதான் விடவேண்டிய குட்டி."

 அருளம்பலத்தார் அலவாங்கைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். பழைய அருளம்பலத்தார் என்றால் "உனக்கென்னடி தெரியும்" என்று தோட்டம் அதிரக் கத்தியிருப்பார். கத்தமாட்டாரா என்று அவள் ஏங்கினாள். அவர் கத்தவில்லை. கீழே கிடந்த குட்டியைப் பார்த்தார், நின்ற குட்டியைப் பார்த்தார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஆரணி அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கிணற்றுக்கட்டில் இருத்தி, பக்கத்தில் தானும் இருந்து, ஒளிக்காமல் சொன்னாள். "கை காலுக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. யோசிச்சுத் தெரிஞ்செடுக்கிறதும், ஒண்டு முடிய அடுத்ததுக்குப் போறதும்தான் கஷ்டப்படுது. வாட்டிலை பாக்கிற வேலையளிலை உது தெரியாது. கிளினிக்குக்கு வாங்கோ, பழக்குவம். கொஞ்சம் திரும்பி வரும். எவ்வளவு வரும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன். அதுவரைக்கும் கிணத்தடியிலை தனிய நிக்கவேண்டாம்."

"சரி பிள்ளை" என்றார் அவர்.

தோட்டம் றஜிந்தன் கைக்குப் போனது. பொறுப்பெடுக்கிற அன்று பின்னேரம் அவன் இருவரையும் கூட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினான். உள்வரிசையில் ஒரு மரத்தடியில் நின்று, "எந்தக் குட்டியை விடுறது?" என்று கேட்டான். கேட்டது குணலட்சுமியைப் பார்த்து. விசயம் ஊர் முழுக்கப் போய்விட்டது. அவள் அவரைக் காட்டி, "அண்ணையைக் கேள்" என்றாள்.

"அவளைக் கேள்" என்றார் அருளம்பலத்தார். குரலில் கோபம் இல்லை. வழி கேட்டவனுக்குச் சரியான வீட்டைக் காட்டிவிடுகிற குரல்.

அவள் சொன்னாள். றஜிந்தன் தலையாட்டிவிட்டுத் தன் தோட்டத்துப் பக்கம் போனான். அருளம்பலத்தார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்தார். அவள் போத்தலில் இருந்து தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். கிணற்றுக்கு அங்காலே, அவள் மத்தியானங்களில் திரும்ப வைத்த குட்டிகள் வேர் பிடித்துக் குருத்து விடத் தொடங்கியிருந்தன. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதெல்லாம் நீ வைச்சது" என்றார்.

அவள் போத்தலைக் கீழே வைத்தாள். "எப்ப கண்டனீங்கள்?"

"முதல் நாளே கண்டனான். மண் புதுசு. பின்னேரம் வந்து பாத்தால் தெரியாதோ?"

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"நீயும் சொல்லேல்லைத்தானே." அவர் தேநீரை ஒரு மிடறு குடித்தார். சொற்களைத் தேடிப் பிடிக்க அவருக்கு நேரம் எடுத்தது. "நான் பிழை விடுறன் எண்டு எனக்குத் தெரியும். எது பிழை எண்டுதான் தெரியேல்லை. காலமை நான் கிளப்புவன், மத்தியானம் நீ வைப்பாய். உன்ரை கை பின்னாலை வருகுது எண்ட தைரியத்திலைதான் நான் அலவாங்கைத் தூக்கினது. அப்பிடியே கொண்டு இழுக்கலாம் எண்டு நினைச்சன்."

 "மிஸ் கேட்டவுடனை வாயிலை வந்திட்டுது" என்று மட்டும் குணலட்சுமி சொன்னாள். அதைவிட உண்மையான பதில் அவளிடம் இல்லை. அந்த உண்மையை நினைக்க அவளுக்குத் தன்னிலேயே அருவருப்பாக இருந்தது.

"ஓம்" என்றார் அவர்.

பொழுது சாய்ந்துகொண்டு வந்தது. போவோம் என்று அவள் போத்தலை எடுத்தாள். அருளம்பலத்தார் எழுந்து செருப்பைப் போட்டார். இடம் வலம் மாறியிருந்தது. குணலட்சுமி என்றும்போலக் குனிந்து, ஒன்றைக் கழற்றினாள். இத்தனை நாளும் அவர் எங்கேயோ பார்த்தபடி காலைத் தூக்கிக் கொடுத்தவர். இன்றைக்குக் காலைத் தூக்கமுதல், ஒழுங்கையில் யாராவது நின்று பார்க்கிறார்களா என்று பார்த்தார்.